இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும்

வெங்காயக் காட்டில் தானாக முளைத்திருந்த சக்கரவர்த்திக் கீரையை வெட்டப் போனது களைக்கொத்து.

"நான் களை இல்லைங்க, கீரை. விதை விடுற வரைக்குமாவது விடுங்க," என்றது செடி. இதையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அதற்கு அலுத்துவிட்டது.

"யாராவது பார்த்துச் சொல்லட்டும்," என்றது களைக்கொத்து.

வாத்தும் ஆடும் வந்தன. வாத்து தன் பாதத்தோடு வைத்துப் பார்க்க இலைகளைக் கிள்ளியது, பார்த்ததும் விழுங்கியது. "இந்தக் கீரை இலை வாத்துக் கால் மாதிரி இருக்கும்பாங்க. என் கால் மாதிரிதான் இருக்கு. எதுக்கும் இன்னொண்ணு பார்த்துடறேன்."

"அடியில வெள்ளையா மாவு இருக்கணுமே," என்ற ஆடு, ஒவ்வோர் இலையாகத் திருப்பி, நக்கி, தின்றும் பார்த்தது.

"சீக்கிரம் சொல்லித் தொலைங்கப்பா," என்றது செடி.

கடைசி இலையையும் மென்றுவிட்டு ஆடு சொன்னது: "சத்தியமா சக்கரவர்த்திக் கீரைதான். வெட்டாதே."

களைக்கொத்து வெறும் தண்டைப் பார்த்தது. "கீரைன்னா இலை எங்க?"

"இவனுங்க வயித்துல. நீ வெட்டிட்டுப் போப்பா," என்றது செடி.