வாசலில் நிற்கும் அட்டை ஆள்

அட்டையில் செய்த ஊர் மன்ற மாடல் மேசையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் முற்றம், கூரையில் சூரியத் தகடுகள், மூலையில் மழைநீர்த் தொட்டி. அதை வடிவமைத்தவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மேசை விளக்கையே சூரியனாக்கி, அதன் கழுத்தைப் பிடித்து மெல்லச் சாய்க்கிறாள். மின்விசிறி இல்லாமல் கூடம் குளிருமா என்பதை நிழல்தான் சொல்ல வேண்டும். பதினோரு மணி, ஒரு மணி, மூன்று மணி. மேஸ்திரி குனிந்து பார்க்கிறார்.

“என்ன மேடம், வாசல்ல நிக்கிறவரு பனைமரம் மாதிரி இருக்காரு. உள்ள போனா தலை இடிக்குமே.”

“அது பழைய மாடலுக்கு எங்க வீட்டுக்காரர் தன்னை மாதிரியே அட்டையில வெட்டி வெச்ச ஆளு. அந்த மாடல் இதைவிட ரெண்டு மடங்கு பெருசு.”

“சார் இருந்திருந்தா இந்நேரம் நாலு குறை சொல்லியிருப்பாரு.” மேஸ்திரி தயங்குகிறார். “எடுத்துடவா?”

“இருக்கட்டும்.”

விளக்கு இன்னும் தாழ்கிறது. மாலை ஐந்தரை. கால்சட்டைப் பையில் கைவிட்டு நிற்கும் அட்டை ஆளின் நிழல் நீண்டு, படியேறி, அவர் நுழைய முடியாத வாசல் வழியே முற்றத்து பெஞ்சுவரை போகிறது. விளக்கின் கழுத்து சுடுகிறது. அவள் விடாமல் பிடித்திருக்கிறாள், ஐந்தரையைத் தாண்ட விடாமல்.