நாற்காலியைப் பார்த்த பக்கம்

“அந்தப் பக்கம் வேண்டாம் சிரில். இன்னும் திருப்புங்கோ. ம், நிறுத்துங்கோ. இதுதான் முன்பக்கம்” என்றார் சேஷகிரி.

சிரிலுக்கு எரிச்சல் வந்தது. வாரத்தில் ஆறு நாள் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரங்களின் கிளைகளைக் கம்பி கட்டி வளைத்துக் கொடுக்கிறவன் அவன். மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி மல்லேஸ்வரம் வந்திருந்தான். முனைக்கடை போனுக்குக் கூப்பிட்டு, இந்த வாரமே வந்தாக வேண்டும் என்று சேஷகிரி கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தார்.

போன்சாய்க்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. பார்க்கிறவர் எதிரே நின்று பார்க்க வேண்டிய பக்கம். வேர் பரவியிருப்பது தெரிய வேண்டும், அடிமரத்தின் வளைவு தெரிய வேண்டும், எந்தக் கிளையும் கண்ணைக் குத்துகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. போன்சாய் கிளப்பில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக் கைத்தட்டல் வாங்கியவரே சேஷகிரிதான். இப்போது தன்னுடைய பதினான்கு வருஷத்து ஜூனிபர் மரத்தில், இருப்பதிலேயே மோசமான பக்கத்தைக் காட்டி இதுதான் என்கிறார். தடித்த கிளை ஒன்று நேராக மூக்குக்கு வருகிறது.

“நல்ல பக்கம் சுவத்தைப் பாத்துப் போயிடும் சார். இது முதுகு.”

“முதுகாவே இருக்கட்டும்.”

வியாதிக்காரரிடம் என்ன சண்டை என்று சிரில் விட்டுவிட்டான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி இரண்டரை மாதம் ஆகிறது. பொங்கலைத் தாண்டாது என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இப்போது டிசம்பர் பாதி. தலையணைகளுக்கு நடுவே மனிதர் பாதியாகக் கிடந்தார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஜகதாம்பாள் வந்து, கட்டிலை ஒட்டிய நாற்காலியில் மரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். பகலெல்லாம் அவளுக்கு அந்த நாற்காலிதான்.

“இவர் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கு நான்தான் இந்த மரத்தை மாடிலேர்ந்து தூக்கிண்டு வந்தேன்” என்றாள். “படுத்துண்டே பார்க்கட்டுமேன்னு. அன்னிலேர்ந்து இங்கதான் இருக்கு. பாருங்கோ, எவ்வளவு பச்சையா இருக்கு. இது இப்படி இருக்கற வரைக்கும் இவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு ஒரு தைரியம்.”

காபி கலக்க அவள் உள்ளே போனாள்.

சிரிலுக்குச் சுருக்கென்றது. ஜூனிபர் வெயிலும் காற்றும் வேண்டிய மரம். இரண்டரை மாதம் அறைக்குள் வைத்தால் தாங்காது. கம்பிச் சுருளை எடுக்கிற சாக்கில் குனிந்து அடிமரத்தை நகத்தால் சுரண்டினான். பட்டைக்கு அடியில் ஈரப் பச்சை இருக்க வேண்டும். காய்ந்த பழுப்புதான் இருந்தது. இன்னோர் இடத்தில் சுரண்டினான். அங்கேயும் அதேதான்.

மரம் செத்து ஒரு மாதமாவது இருக்கும். இந்த ஜூனிபரின் கெட்ட குணம் அது. செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். வளர்க்கிறவர் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே சிரிலுக்குப் பயமாக இருந்தது. போகப்போகிற மனிதருக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு மரம். தெரியாமலே போகட்டும், பாவம். கம்பியைச் சுற்றி அந்தத் தடித்த கிளையை வளைத்தான். உயிருள்ள கிளையாக இருந்தால் வளைந்து கொடுத்திருக்கும். இது படக்கென்று முறிந்தது. சத்தத்தை மறைக்கப் பலமாக இருமிவிட்டு, முறிந்த இடத்தைக் கம்பியாலேயே இழுத்துக் கட்டினான். சேஷகிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

டம்ளர்களோடு வந்த ஜகதாம்பாள் மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “கம்பி கட்டியும் இந்தக் கிளை முன்னால துருத்திண்டு வரதே. இதுவா நல்ல பக்கம்?”

சேஷகிரி கண்ணைத் திறந்து சிரிலைப் பார்த்தார்.

“ஆமாம்மா, இதான் முன்பக்கம்” என்றான் சிரில். “இனிமே திருப்பாதீங்க. கம்பி கட்டியிருக்கு, யாரும் கை வைக்கக் கூடாது.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நாலு நாளா இவர் திருப்பி வை, திருப்பி வைன்னார். நான்தான் மாட்டேன்னுட்டேன்” என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முறுக்கு எடுத்துவர மறுபடி உள்ளே போனாள்.

பெரிய பொய்யைச் சொல்லிவிட்டோமே என்று நினைத்தபடி சிரில் காபி டம்ளரை எடுத்தான். சேஷகிரி அவனைக் கிட்டே வரச் சொன்னார்.

“ரொம்ப நன்னா இருமினேள்” என்றார்.

சிரில் டம்ளரைக் கீழே வைத்தான்.

“செத்துப்போச்சுன்னு எனக்கு மூணு வாரமாத் தெரியும். உள்ள வச்சா சாகும்னு அவ தூக்கிண்டு வந்த அன்னிக்கே தெரியும். ஆனா நான் படுத்ததுக்கப்புறம் அன்னிக்குத்தான் அவ சிரிச்சா. எடுத்துண்டு போன்னு சொல்ல வாய் வரலை.”

“அப்புறம் எதுக்கு சார் என்னைக் கூப்பிட்டீங்க?”

சேஷகிரி விரலை மட்டும் அசைத்துச் சுவர்ப் பக்கம் காட்டினார். சிரில் எட்டிப் பார்த்தான். நல்ல பக்கத்தின் அடிக்கிளையில் நாலைந்து இலைநுனிகள் பழுத்திருந்தன.

“அவ நாற்காலிலேர்ந்து பார்த்தா இன்னும் ரெண்டு நாள்ல தெரிஞ்சிருக்கும். தான்தான் கொன்னோம்னு அவளுக்குத் தெரியக் கூடாது” என்றார் சேஷகிரி. “இந்தப் பக்கம் எப்படியும் மூணு வாரம் பச்சையா நிக்கும். அதுக்குள்ள நான் போயிடுவேன் சிரில். அப்புறம் மரம் பழுத்தா, எனக்காகத்தான் அதுவும் போச்சுன்னு நினைச்சுப்பா.”