பிஸ்கோத்தின் பங்கு

படிக்கல்லில் ஒன்றை எடுத்த பிறகுதான் தராசு சமமாக நின்றது. நேற்றைவிட இன்றைக்கு எடை ஒரு பலம் குறைவு.

தராசுத் தட்டில் இருந்த கூடைக்குள் பிஸ்கோத்து மூக்கை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பிஸ்கோத்து ஒரு கினிப் பன்றி. பெயர்தான் பன்றி, பார்த்தால் காது சிறுத்த முயல்குட்டி. ஜெசிந்தாவின் பிறந்த நாளுக்குக் கான்வென்ட் சிஸ்டர் கொடுத்தது.

ஞானபாக்கியம் படிக்கல்லை மாற்றி வைத்து இன்னொரு தரம் நிறுத்தாள்.

மகள் ஜெசிந்தாவுக்கு டைபாய்டு கண்ட அதே வாரம்தான் இதுவும் படுத்தது. எல்லோரும் குழந்தையின் தலைமாட்டில் இருந்தார்கள். இதற்குப் பச்சை போட ஆளில்லை. அன்றிலிருந்து ஞானபாக்கியத்துக்குள் ஓர் எண்ணம் குந்திக்கொண்டது. இது பிழைத்தால் குழந்தையும் பிழைப்பாள். இது போய்விட்டால்?

கான்வென்டில் படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். எண்ணம் நகரவில்லை. எலும்பு தட்டுமோ என்று மகளைத் தூக்கப் பயந்தவள், கினிப் பன்றியை மட்டும் தினமும் கீழே கணவனின் கருப்பட்டி மண்டிக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சங்கரநாராயணன் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"கேரட்டும் ஊறின கடலையும் கொடுக்கிறீங்களாம்மா?"

"வேளை தவறாமல் வைக்கிறேன் டாக்டர்."

"நோய் எப்பவோ போயாச்சு. இப்ப இருக்கிறது பசி. நீங்க வைக்கிறது இது வாய்க்குத்தான் போகுதான்னு கவனிங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் சிவந்திதானே.

சமையலறையில் சிவந்தி கைவைக்க முடியாது. சாவி ஞானபாக்கியத்தின் இடுப்பில் இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. அவளுடைய அக்கா மகன் இதே காய்ச்சலில் கிடந்து, ஜுரம் விட்ட மறுநாள் யாரோ இரக்கப்பட்டு ரொட்டி கொடுக்கப்போய், விடிவதற்குள் முடிந்துபோனான். அதனால் ஜெசிந்தாவுக்குப் பார்லித் தண்ணீரைத் தவிர ஒரு பருக்கை கிடையாது. குழையச் சோறு கொடுக்கலாம் என்று குழந்தையைப் பார்க்கிற டாக்டர் போன வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார்தான். டாக்டருக்கென்ன, அவர் பெற்ற பிள்ளையா? இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று அவளே தள்ளிவைத்தாள். கணவன் ஜெயக்கொடி ஒரு தரம், "பிள்ளை சோறு சோறுன்னு அழுகுதே" என்று முணுமுணுத்ததற்குத்தான் அந்தப் பூட்டு.

இப்போது ஜெசிந்தா அப்படி அழுவதில்லை. பார்லித் தண்ணீரை இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்கிறாள். முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது. பத்தியம் வேலை செய்கிறது என்று ஞானபாக்கியம் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

பூட்டாத தீனி என்று அந்த வீட்டில் இருந்தது பிஸ்கோத்தின் கூடை ஒன்றுதான்.

மறுநாள் காலை மண்டிக்குப் போவதுபோல் படியிறங்கி, கொல்லைப் பக்கம் சுற்றி வந்து நின்றாள். சற்று நேரத்தில் சிவந்தி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். மடி உப்பியிருந்தது.

"மடியை அவிழ்."

சிவந்தி மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஞானபாக்கியமே இழுத்தாள். கேரட் துண்டுகள் தரையில் உருண்டன. ஊறின கடலை சிதறியது.

சொல்ல நினைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. கொடுக்கிற சம்பளம் போதவில்லையா என்று கேட்டாள். கிறிஸ்மஸுக்குக் கொடுத்த புடவையைச் சொல்லிக் காட்டினாள். குப்பத்துக்காரிகளை வீட்டில் விடாதே என்று மண்டிக்கு வருகிறவர்கள் சொன்னது சரியாகப் போயிற்று என்றாள்.

கடைசியில் குரல் உடைந்தது. "வாயில்லாப் பிராணி. பசிக்குதுன்னு அதுக்குக் கேட்கத் தெரியுமா? அது பங்கைப் பிடுங்க உனக்கு எப்படிடீ மனசு வந்தது?"

சிவந்தி தரையைப் பார்த்தாள்.

"எத்துக்கினு போனது நெசந்தாம்மா."

"யாருக்கு?"

சிவந்தி குனிந்து கேரட் துண்டுகளைப் பொறுக்கி வாசற்படியில் வைத்தாள்.

"இன்னா வேணா திட்டிக்கோம்மா. இந்த மாசம் மட்டும் வேலைய வுட்டு நிறுத்தாத. சம்பளம்கூட வாணாம்."

சம்பளம் வேண்டாமாம். இங்கே சுருட்டுவதே அவ்வளவு போலிருக்கிறது. இப்படியும் ஒருத்திக்குத் துணிச்சல் இருக்குமா என்று ஞானபாக்கியம் நினைத்தாள். வெளியே கையைக் காட்டினாள்.

சிவந்தி மாடி ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தாள்.

ஞானபாக்கியம் கேரட்டை அள்ளிக்கொண்டு மேலே ஏறினாள். கூடைக்குள் போட்டதுதான் தாமதம், பிஸ்கோத்து பாய்ந்து பாய்ந்து கொறித்தது. எத்தனை நாள் பட்டினியோ. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் நிறைந்தது. பாவி, பாவி என்று வாய்விட்டே சொன்னாள்.

பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா. பிடித்து உட்கார வைத்தால்கூடச் சாய்ந்துவிடுவாள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த ஜெசிந்தா, சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்து வந்து நின்றாள். உதடு பிதுங்கியிருந்தது.

"சிவந்தியை ஏம்மா திட்டினே? அவ வூட்டுக்குப் போயி கேரட்ட வேகவச்சு, மசிச்சு எடுத்தாரேன்னு சொன்னா."

ஜெசிந்தா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அவ வரலைன்னா, இன்னிக்கு எனக்கு யாரும்மா சோறு ஊட்டுவா?"