இருதயராஜின் பெட்டி

கொதிகலன் வெடித்த பத்தொன்பதாம் நாள், விசாரணைக்கு ஒரு மைண்ட் மேப் போடும்படி மேலாளர் சடகோபன் என்னிடம் சொன்னார். திரையின் நடுவில் 'விபத்து' என்ற பெட்டி, அதைச் சுற்றிக் கிளை கிளையாகத் தலைப்புகள். எந்தத் தலைப்பைத் தொட்டாலும் அதற்கான கோப்பு திறக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் விதி. அழுத்தமானி பழுது என்று நான் முன்பே எழுதிக் கொடுத்த மூன்று புகார்களையும் இணைத்திருந்தேன். என் கண்ணெதிரே சடகோபன் அவற்றை நீக்கினார். பிறகு 'மனிதத் தவறு' என்றொரு கிளை போட்டு, அதன் நுனியில், வெடிப்பில் இறந்துபோன கொதிகலன் தொழிலாளி இருதயராஜின் பெயரைத் தட்டினார். செத்துப்போனவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

"இதுக்கு என்ன லிங்க் சார்?"

"எதையாவது போட்டு விடும்மா. யாரு திறந்து பாக்கப் போறாங்க?"

எதையாவது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் ஓர் இயக்குநர், "இந்த இருதயராஜ் யாருய்யா? திறங்க, பாப்போம்" என்றார். சடகோபன் சொடுக்கினார். கோப்பு எதுவும் திறக்கவில்லை. நான் இணைத்திருந்தது இருதயராஜின் கைபேசி எண். கணினியே அந்த எண்ணை அழைக்க, மணி அறை முழுக்க ஒலித்தது.

"கம்பெனியிலேர்ந்தா?" ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். "அவரு சம்சாரம்தான் பேசறேன். இருபது நாளா ஒருத்தரும் கூப்பிடலை. அங்க என்னதான் நடந்துச்சு?"

அழைப்பைத் துண்டிக்க சடகோபனின் கை மவுஸைத் தேடியது. அதற்குள் நான் அதைப் பிடுங்கியிருந்தேன்.

"சொல்லுங்க சார்" என்றேன்.