நோட்டின் கடைசிப் பக்கம்

செங்கல் சூளையில் திருச்சபை நடத்திய மாலை வகுப்பில், நான்கே மாதத்தில் எழுத்து முழுவதையும் பிடித்தவள் ஒடிசா மலைக்காரி ரைமதி. காய்ச்சலில் செத்துப்போனாள் என்றார் மேஸ்திரி தணிகாசலம். அவள் ஊர்க்காரர்களை மறுநாளே வேறு சூளைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அவள் எழுதிய கடிதம் வகுப்பு நோட்டிலேயே கிடந்தது. எழுத்து தமிழ்; பேச்சு அவளுடைய மலைமொழி. வகுப்பெடுத்த சலோமி டீச்சரால் அதை வாசிக்க முடிந்தது, ஒரு சொல்லும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரியும், வாசிக்கத் தெரியாது.

“போன்ல நான் படிச்சுக் காட்டிடறேன் மேஸ்திரி. நம்பர் உங்ககிட்டதானே இருக்கு?”

“அதுக்கென்ன டீச்சரம்மா! உங்க ஏசு எழுத்தக் குடுத்தாரு, கூடவே கொஞ்சம் ஆயுசையும் குடுத்திருக்கலாம்.” சிரித்தபடி நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

பெண் குரல் ஒன்று கேட்டது. “ரைமதி” என்று சொல்லிவிட்டு, டீச்சர் எழுத்தெழுத்தாக வாசித்தாள். அந்தப் பக்கம் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்த குரல் மூன்றாம் வரியில் நின்றுபோனது. ஐந்தாம் வரியில் டீச்சருக்குத் தெரிந்த சொல் ஒன்று வந்தது. நிறுத்துவதற்குள் வாய் அதைச் சொல்லிவிட்டது.

“தணிகாசலம்.”

மேஸ்திரியின் சிரிப்பு அடங்கியது. அடுத்த வரியிலும் அதே பெயர். போனில் அலறல் வெடித்தது. பிறகு அந்தத் தாய் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பதில் சொல்ல டீச்சரிடம் அந்த மொழியில் ஒரு வார்த்தை இல்லை.

மேஸ்திரி போனை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“நோட்டைக் குடுங்க டீச்சரம்மா. அடுத்த வாரம் ஆள் பிடிக்க அந்த ஊருக்குத்தான் போறேன். நேர்லயே குடுத்துடறேன்.”