துண்டுக்குள் பேசிய விலை

அடுத்தவன் லாரிக்கு அடியில் அவர் மல்லாந்து கிடந்தார்.

டார்ச் வெளிச்சம் இன்ஜினுக்குள் போனது.

உள்ளே சுழலுகிற கிராங்க் தண்டு முழுசாக இருந்தது.

ஒரு கீறல் இல்லை. கையை விட்டுத் தடவிப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இரும்பு வழுவழுவென்று இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தொரு வயதில், முன்பின் பார்த்திராதவன் வாசலில், ஓர் இரும்புத் தண்டைப் பார்த்து அழுவதா? துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய வண்டியின் கிராங்க் மூன்று மாதத்துக்கு முன்பு இரண்டாக ஒடிந்தது. அறுபத்தெட்டாம் வருஷத்து மாடல். சேலத்தில் ஏறாத கடை இல்லை. கோயம்புத்தூர், நாமக்கல், சென்னை வரைக்கும் அலைந்தாயிற்று. மாடலைச் சொன்னதுமே சிரித்தார்கள்.

ஒரு கடைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "கடையில கெடைக்காதுங்க. இதே வண்டி பென்னாகரத்துல ஒண்ணு நிக்குது. மாதையன்னு ஒருத்தர் வெச்சிருக்கார். குடுத்துருவாருன்னு நெனைக்கறேன்" என்றான். அவனே போன் போட்டு நாளும் குறித்துக் கொடுத்தான்.

கிராங்க் கிடைத்தால் செங்கல் சூளை நடை மறுபடி ஓடும்.

கிடைக்காவிட்டால், மருமகன் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான். நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன் கேட்டைத் திறந்து, வருகிற லாரிக்கெல்லாம் வழிவிட்டு நிற்க வேண்டும்.

இன்ஜினின் எண்ணெய்த் தட்டு ஏற்கெனவே கழற்றிக் கிடந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. வாங்க வருகிறவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று கழற்றி வைத்திருக்கிறான், யோக்கியன் என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே நகர்ந்து வந்ததும் மாதையன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ஐம்பதுக்குள்தான் இருக்கும்.

"ரெண்டும் ஒரே வண்டிதானுங்ளாண்ணா?"

"அச்சு அசல் நம்ம வண்டியேதான் தம்பி."

மாதையனுக்கு முகமெல்லாம் பல். வண்டியை விற்கிறவனுக்கு இத்தனை சந்தோஷமா என்று அவருக்குச் சங்கடமாகக்கூட இருந்தது.

வண்டியின் காதுபட விலை பேசக் கூடாது. அது அவருடைய கட்சி. மாதையனும் அதே கட்சி போலிருக்கிறது, சொல்லாமலே கையை நீட்டினான். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கைகளையும் மூடினார். மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரிதான். ஒரு விரலைப் பிடித்தால் பத்தாயிரம்.

கிராங்கை உருவிவிட்டால் மிச்சம் காயலான் கடைக்குத்தான் போகும். அதனால் முழு வண்டிக்குமே விலை வைத்தார். மாதையனின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார்.

மாதையன் அவர் கையில் நான்கைப் பிடித்தான்.

விரல் தவறிவிட்டதோ? கேட்டதற்கும் குறைத்து எவனாவது விற்பானா? பாவம், என்ன முடையோ. இருந்தாலும் வியாபாரம் வியாபாரம்தான். அவர் மூன்றைப் பிடித்தார்.

மாதையன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டைப் பிடித்தான்.

அதிர்ஷ்டம் இப்படியா கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும்? ஒற்றை விரலைப் பிடித்தார்.

மாதையன் அவர் விரல் ஒன்றைப் பிடித்துப் பாதியாக மடக்கினான்.

போச்சு.

விற்கிறவன் ஏற்றுவான். வாங்குகிறவன்தான் இறக்குவான்.

இங்கே இரண்டு பேருமே இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மாதையனுக்கும் அது விளங்கிவிட்டது. பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

"என் வண்டி ஹெட்டு வெடிச்சிருச்சுங்ணா. ஆயிலெல்லாம் தண்ணி, அதான் தட்டைக் கழட்டிப் போட்டிருக்கேன். உங்க வண்டியில ஹெட்டு நல்லாருக்கு, நீங்க குடுத்துருவீங்கன்னு கடைக்காரர் சொன்னாரு."

கடைக்காரன் மேல் தப்பில்லை. அவனும் 'நெனைக்கறேன்' என்றுதான் சொன்னான்.

கூட்டாக ஒரு வண்டி வைத்துக்கொள்ளலாமா? அவர் ஊர் சங்ககிரி எங்கே, பென்னாகரம் எங்கே.

அவர் மாதையனின் லாரியைப் பார்த்தார். ஹெட்டு என்பது இன்ஜினுக்கு மேலே மூடி மாதிரி உட்காருகிற சாமான். கொண்டுவந்து வைத்து இறுக்கினால், இந்த வண்டி இரண்டே நாளில் சாலைக்குப் போய்விடும். கிராங்க் அப்படியல்ல. அவர் வண்டியில் மாற்றுவதென்றால் இன்ஜின் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். ஒடிந்த தண்டு உள்ளே வேறு எதையெல்லாம் அடித்து வைத்திருக்கிறதோ. எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் பிழைக்கிற வண்டி எது என்று யோசிக்காமல் சொல்வான்.

நாற்பது வருஷத் தொழிலில் இதெல்லாம் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மாதையனின் மனைவி தட்டோடு வந்தாள். வெற்றிலை பாக்கு, அதன்மேல் முன்பணம். அவர் சட்டைப் பைக்குள்ளும் அதே அளவுக்கு ஒரு கட்டு இருந்தது.

"முடிஞ்சுதுங்ளா?" என்றாள்.

மாதையன் தலையைக் குனிந்துகொண்டான். கையை மட்டும் அவன் எடுக்கவில்லை.

துண்டுக்குள் அவர் அவனுடைய ஒரு விரலைப் பிடித்தார்.

அதோடு இன்னொன்றைச் சேர்த்து விலையை ஏற்றினார். இன்னும் ஒன்று. நான்கு.

ஐந்தும் கைக்குள் வந்த பிறகு, விட மனமில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.