மூணு ஹோட்டலும் வேண்டாமாம்!

"ஒட்டகச்சிவிங்கி ஹோட்டல் வேண்டாம் அத்தை. நாறும்."

சொன்னவள் டெலியா. என் தம்பி டெரிக்கின் மூத்த பெண், பன்னிரண்டு வயசு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால்கனிக் கதவைத் திறந்தால் கீழே ஒட்டகச்சிவிங்கி மேய்கிற ஹோட்டல் அது. அந்த அறைக்காக ஜனங்கள் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியாதா? ஆர்லாண்டோ தீம் பார்க்குக்குப் போகிற குடும்பங்களுக்கு ஹோட்டல் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பே.

எங்கள் ஊர் டேட்டனில் பனி கொட்டுகிற இந்த பிப்ரவரியில், தம்பி வீட்டுச் சமையலறை மேஜையில் நான் லேப்டாப்பை விரிப்பது இது மூன்றாவது ஞாயிறு. வசந்த விடுமுறைக்குப் பாதி அமெரிக்கா ஃப்ளோரிடாவுக்குத்தான் ஓடும். கெஞ்சிக் கூத்தாடி மூன்று ஹோட்டலில் அறை நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்று ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதி செய்யாவிட்டால் மூன்றும் போய்விடும். அப்புறம் பயணமே கிடையாது.

"சரி ரோவன், நீ இதைப் பாருடா. ஹோட்டலுக்குள்ளேயே ரயில் வரும். ஏறினா நேரா பார்க் வாசல்லதான் இறங்கணும்."

"ரயில் சத்தத்துல எனக்குத் தூக்கம் வராது அத்தை," என்றான் அந்த நடுப்பிள்ளை.

யார் சொல்வது பாருங்கள்! இவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே சரக்கு ரயில் பாதை. வண்டி போகும்போது அலமாரியில் கோப்பைகளெல்லாம் ஆடும். இந்தப் பயல் புரண்டுகூடப் படுக்க மாட்டான்.

கடைக்குட்டி ஜூனியைப் பிடித்தேன். "நீ சொல்லுடி தங்கம். நீச்சல் குளத்துக்கு அடியில மணல் போட்டிருக்கான். கப்பல் மாதிரி பெரிய சறுக்கு மரம் வேற."

அவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்குத் தண்ணின்னா பயம்."

போன மாசம் நீச்சல் போட்டியில் ஜெயித்து, அந்த ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு சர்ச்சுக்கே வந்தவள்!

"அடி என் மீன் குஞ்சே, யார்கிட்ட கதை விடறே?"

மேஜைக்கு அடியில் டெலியா அவள் காலை மிதித்ததை நான் பார்த்துவிட்டேன். ஓஹோ, மூன்றும் கூட்டுச் சேர்ந்துகொண்டுதான் என்னை ஆட்டி வைக்கின்றனவா?

"டெரிக், நீயாவது ஒரு வார்த்தை கேளுடா!"

"விடுக்கா. அவங்க இஷ்டப்படியே நடக்கட்டும். இந்தத் தடவை ஒரு குறையும் இருக்கக் கூடாது."

"ஆமா அண்ணி," என்றாள் அவன் மனைவி ஹாலி. "பசங்க காலத்துக்கும் நினைச்சுச் சந்தோஷப்படணும்."

அவளுக்கு அவன் காபி ஊற்றிக் கொடுத்தான். அவள், "தேங்க்ஸ் டெரிக்" என்றாள். "பரவாயில்லை ஹாலி" என்றான் இவன். உப்பு டப்பாவை எடுத்துக் கொடுப்பதற்கே சண்டை போடுகிற ஜோடி இது. ஃப்ளோரிடா என்றதும் மரியாதை எங்கிருந்துதான் வந்ததோ!

"எந்த ஹோட்டலானாலும் ஹால்ல தனியா ஒரு படுக்கை வேணும்க்கா," என்றான் தம்பி. "நான் விடற குறட்டையில பாவம், அவளால தூங்க முடியாது."

பதினாலு வருஷம் கழித்து இப்போதுதான் இவனுடைய குறட்டை இவன் காதிலேயே விழுந்திருக்கிறது.

மணி ஐந்தை நெருங்கியது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் நாறும், சத்தம், பயம். என் பொறுமை போயே போய்விட்டது.

"போதும் நிறுத்துங்க! என்ன கொழுப்பு உங்களுக்கு! நானும் உங்கப்பாவும் சின்ன வயசுல எங்க டூர் போனோம் தெரியுமா? நெடுஞ்சாலை ஓரத்துல நாலு பேருக்கு ஒரே ரூம். மூணு வேளையும் ஐஸ் பெட்டியில வச்ச நமுத்துப்போன சாண்ட்விச். அதுக்கே நாங்க துள்ளிக் குதிச்சோம். இங்க பெத்தவங்க ராத்திரி பகலா உழைச்சு, ராஜா வீட்டுப் பிள்ளைங்க மாதிரி கூட்டிக்கிட்டுப் போறேங்கறாங்க. உங்களுக்கு ஒட்டகச்சிவிங்கி நாறுதா? நன்றி கெட்ட ஜென்மங்களா!"

மூன்றும் தலையைக் குனிந்துகொண்டன. சாரி என்று ஒரு வார்த்தை வந்ததா? வரவில்லை.

"இனிமே உங்களைக் கேக்கறதா இல்ல. ஒட்டகச்சிவிங்கி ஹோட்டல்தான். நாறினா மூக்கைப் பொத்திக்குங்க."

உறுதி செய்கிற பொத்தானுக்கு விரலைக் கொண்டு போனேன்.

ஜூனி நாற்காலியிலிருந்து பாய்ந்து வந்து என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அத்தை! ப்ளீஸ் அத்தை, அதை அமுக்காதே!"

"ஏண்டி? உனக்கு என்னதான் வேணும்?"

"ஜூனி, சொல்லாதே!" டெலியா கத்தினாள். "சுண்டு விரல் கோத்துச் சத்தியம் பண்ணியிருக்கே!" கத்தினவளின் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

ஜூனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அப்பா கராஜுல வச்சு அம்மாகிட்ட சொன்னாரு. 'ஃப்ளோரிடா போயிட்டு வந்ததும் நான் வேற வீட்டுக்குப் போயிடறேன், அதுவரைக்கும் பசங்களுக்குத் தெரிய வேணாம்'னு."

ஹாலி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். என் தம்பி என்னைப் பார்க்கவில்லை.

ஜூனி மட்டும் என் விரலை விடவே இல்லை.

"எந்த ஹோட்டலும் எங்களுக்குப் பிடிக்கலேன்னா போகவே முடியாதுல்ல அத்தை?"